செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம்: எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள், பெற்றோர் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், மணமகன் சிங்கப்பூரில். வரும் தை மாதம் செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் இருநூறு பேரை அழைத்து இரண்டு நாள் கல்யாணம் நடத்த ஆசைப்படுகிறீர்கள். எதிலிருந்து தொடங்குவது, செலவை எப்படிக் கணக்கிடுவது, "அவ்வளவு தூரம் சொந்தக்காரர்கள் யார் வருவார்கள்?" என்று அப்பா கேட்பதற்கு என்ன பதில் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடி வட்டாரத்துக் கல்யாணங்களில் ஏற்பாட்டுப் பக்கம் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக நடத்தலாம், அழகாகவும் நடக்கும். இருநூறு என்ற எண்ணிக்கையை மட்டும் இப்போதே மறுபடி யோசியுங்கள்.

பெரும்பாலானோர் மணவறை அலங்காரத்தில் தொடங்குகிறார்கள். படங்களைப் பார்த்து வீட்டைப் பிடிக்கிறார்கள், முன்பணம் கொடுக்கிறார்கள், பிறகுதான் ஆட்களை எங்கே தங்க வைப்பது என்று தேடுகிறார்கள். ஊரில் கல்யாணம் என்றால் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியூரில் வைத்தால் வந்திருக்கும் ஒவ்வொருவரும் முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை உங்கள் பொறுப்பு. குளிக்க வெந்நீர், அதிகாலையில் காபி, மாத்திரைக்கு முன் ஏதாவது சாப்பிட, பகலில் கொஞ்சம் படுக்க என்று எல்லாவற்றுக்கும் உங்கள் குடும்பத்தின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே முதல் வேலை அறைக் கணக்கு.

இருநூறு பேர், அறைக்கு இருவர் என்றால் நூறு அறை. குழந்தைகளைப் பெற்றோருடன் சேர்த்து, இளைஞர்களை அறைக்கு மூவராக வைத்தாலும் எழுபத்தைந்துக்குக் கீழே இறங்குவது கடினம். செட்டிநாட்டின் பாரம்பரிய விடுதிகள் அளவில் சிறியவை. கானாடுகாத்தானில் மகளுக்காகத் தந்தை கட்டிய வீடு இன்று 'விசாலம்' என்ற விடுதியாக இருக்கிறது. அதில் பதினைந்தே அறைகள். கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், காரைக்குடியின் 'பங்களா' என்ற விடுதி ஆகியவையும் பெரிய நகரத்து ஓட்டல்களைப் போல நூறு அறை உள்ளவை அல்ல. அப்படியானால் இருநூறு பேர் நான்கைந்து இடங்களில் பிரிந்து தங்குவார்கள். சிலர் காரைக்குடி நகரத்தின் சாதாரண ஓட்டல்களில், சிலர் திருமயம் பக்கம், சிலர் கானாடுகாத்தானில். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு எழுபது வயது அத்தையை நான்கரைக்கு எழுப்பி வேனில் ஏற்ற வேண்டிவரும்.

என் கணக்கில் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான எண்ணிக்கை எண்பதிலிருந்து நூற்றிருபது. அதற்குள் இருந்தால் இரண்டு விடுதிகளிலும் ஓர் ஓட்டலிலும் எல்லாரையும் அடக்கிவிடலாம். யார் எங்கே என்று இரு வீட்டாரும் ஒரே தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாளை முதலில் தயார் செய்யுங்கள். பெயர், வயது, மாடி ஏற முடியுமா, மேற்கத்தியக் கழிப்பறை அவசியமா, எந்த ஊரிலிருந்து எப்படி வருவார் என்று ஐந்து கட்டம் போதும். இதை நிரப்பும்போதே எண்ணிக்கை தானாகக் குறையும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் இடறுகிறார்கள். இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, விடுதியாக மாற்றப்பட்ட வீடு. அதில் குளியலறை, குளிர்சாதனம், பணியாளர்கள் எல்லாம் இருக்கும், வாடகை கூடுதல். இன்னொன்று, இன்றும் குடும்பத்தின் வீடாகவே இருந்து, விசேஷங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் மட்டும் வாடகைக்குத் தரப்படுவது. பிரம்மாண்டம் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான். சிக்கலும் அங்கேதான்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரிடையே (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஒரு வீடு ஒருவருக்கே சொந்தமானதாக இருப்பது அரிது. தாத்தாவோ பூட்டனாரோ கட்டியது. இன்று பங்காளிகள் பலருக்கும் அதில் உரிமை. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் உள்ளூரில் என்று இருப்பார்கள். வீட்டைக் காட்டுபவர் பெரும்பாலும் காவலாளி, அல்லது பங்காளிகளில் ஒருவர். அவர் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதே தேதியில் அவர்கள் குடும்பத்திலேயே ஒரு விசேஷம் வந்தாலோ, இன்னொரு பங்காளி மறுத்தாலோ உங்களிடம் கையில் எதுவும் இருக்காது. எல்லாப் பங்குதாரர்களின் சார்பிலும் பேசும் அதிகாரம் தமக்கு உண்டு என்று ஒருவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எந்த நாள் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், எப்போது திருப்பித் தர வேண்டும், வீட்டின் எந்தெந்தக் கட்டு, அதாவது பகுதி, உங்களுக்கு, எது பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். பூசை அறையும் சில உள்ளறைகளும் எப்போதும் பூட்டியே இருக்கும். அது அவர்கள் மரபு. திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இந்த வீடுகள் கல்யாணத்தை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. முகப்புத் திண்ணையில் வரவேற்பு, பட்டாலை என்ற கூடத்தில் பெரியவர்கள், நடுவில் வளவு என்ற வானம் பார்த்த முற்றம், அடுத்த கட்டில் பந்தி, கடைசியில் அடுப்படி, அதன் பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் அந்த நீளம், கூட்டத்தைத் தானே நகர்த்திவிடும். விருந்தாளி முன்வழியே வருவார், காய்கறி வண்டி பின்வழியே வரும், இரண்டும் சந்திக்காது. இந்த ஒழுங்கைக் கெடுக்காமல் ஏற்பாடு செய்தால் பாதி வேலை மிச்சம். வளவில் மேடை போட்டு, பட்டாலையில் பந்தி வைத்து, முகப்பில் பாட்டுக் கச்சேரி என்று மாற்றிப் போடும் அலங்காரக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டோடு சண்டை போடுவதில் பயனில்லை. பந்தி இரண்டாம் கட்டிலேயே நடக்கட்டும்.

வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளைப் பார்த்து "இவ்வளவு அறை இருக்கிறதே, எல்லாரும் இங்கேயே தங்கலாமே" என்று தோன்றும். அந்த அறைகள் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்டவை; சீர்ப் பொருள்களும் பாத்திரங்களும் வைக்கத்தான் பெரிதும் பயன்பட்டன. காற்றோட்டம் குறைவு. மக்கள் படுத்தது பட்டாலையிலும், வளவைச் சுற்றிய பத்திகளிலும் பாய் விரித்து. எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறை பின்கட்டில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நூறு பேர் ஆறு மணி நேரம் இருக்கப்போகும் இடத்தில் அது போதவே போதாது. முதல் முறை வீட்டைப் பார்க்கப் போகும்போது தூண்களைப் படம் எடுப்பதற்கு முன் கழிப்பறைகளை எண்ணுங்கள், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேளுங்கள். குறைவு என்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நடமாடும் கழிப்பறை வண்டியை வரவழைக்கலாம். பின்தெருவில் அதை நிறுத்த இடம் உண்டா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். பழைய வயரிங், குறைந்த மின்னிணைப்பு. அலங்கார விளக்கு, ஒலிபெருக்கி, ஏர் கூலர், சமையற்கட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் இணைப்பு தாங்காது. விளக்கும் ஒலியும் முழுக்க ஜெனரேட்டரில், வீட்டு இணைப்பில் மின்விசிறிகள் மட்டும் என்று பிரித்துவிடுவதே நல்லது.

வளவு திறந்த முற்றம் என்பது ஹோமம் வளர்ப்பவர்களுக்குப் பெரிய வரம். புகை நேராக மேலே போய்விடும். மண்டபங்களில் போலக் கண் எரியாது. வெயிலுக்குப் பயந்து முற்றத்தின் மேலே முழுதாகத் துணி கட்டிவிட்டால் அந்த வரம் போய்விடும், புகை பத்திகளுக்குள் திரும்பும். அதிகாலை முகூர்த்தமானால் மறைப்பே வேண்டாம். தேவைப்பட்டால் ஒரு பக்கம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். தூண்கள் பர்மாத் தேக்கு, சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தரை கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்யும் ஆத்தங்குடிக் கல். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டு நாடா ஒட்டக் கூடாது, பூச்சரங்களைக் கயிற்றால் மட்டுமே கட்ட வேண்டும் என்பதை அலங்காரக்காரரின் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக அங்கே ஒரு சுவர் பெயர்ந்தால் அதே போல இன்னொரு முறை பூசத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

தேதிக்கு வருவோம். தை நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரை, வைகாசியில் இந்தச் சீமை காய்கிற காய்ச்சலில் விருந்தாளிகள் வதங்கிப்போவார்கள். ஆனால் தையின் முதல் இரண்டு வாரத்தைத் தவிர்க்கச் சொல்வேன். மார்கழி முழுதும் கல்யாணம் இல்லாததால் தையின் முதல் முகூர்த்தங்களுக்குச் சமையல்காரர், நாதஸ்வரம், பூ எல்லாவற்றுக்கும் அடிதடி. பொங்கல் கூட்டத்தில் ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் இருக்காது. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் திருப்பத்தூர் – காரைக்குடிச் சாலையில் நகரவே முடியாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி வழியெங்கும் நடந்துகொண்டிருப்பார்கள். காவடியோடு போகிற நகரத்தார் குடும்பங்கள் பலவும் அப்போது ஊரில் கூடுவதால் வீடுகளே கிடைப்பதில்லை. தைப்பூசம் கழிந்த பிறகு, அல்லது மாசியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம் பார்க்க முடியுமா என்று உங்கள் குடும்ப ஜோதிடரிடம் கேளுங்கள்.

பயணம். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு நேரடி விமானம் திருச்சிக்கே உண்டு. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மதுரை விமான நிலையத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் மிகவும் வசதி. பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் இரவு படுக்க வந்துவிடலாம். திரும்புவது அதிகாலை வண்டி. இராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் காரைக்குடி வழியே போகின்றன. ஆனால் நள்ளிரவு கடந்த நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும், வயதானவர்களுக்கு அது வேண்டாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே அழைப்பிதழ் அச்சாகும் வரை காத்திருக்காமல், பதிவு திறக்கும் தேதியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவர்கள் சார்பில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கோயம்புத்தூர்தான் உண்மையில் கஷ்டம். சாலை வழியில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, இடையில் சாப்பாட்டுக்கு நிற்க வேண்டும். அங்கிருந்து வருவோருக்கு ஒரு நல்ல குளிர்சாதன பஸ்ஸை வாடகைக்கு எடுங்கள். வழியில் நத்தம் பக்கம் நிறுத்திக் காபி, டிபன் எல்லாவற்றுக்கும் முன்பே சொல்லிவையுங்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டால் கல்யாணம் அங்கேயே தொடங்கிவிடும்.

சமையலை உள்ளூர்க்காரர்களிடம் விடுங்கள். கோவையிலிருந்து ஆள் கூட்டி வந்து அங்கே கிடைப்பதையே சமைப்பதற்கு இந்த ஊருக்கு வரத் தேவையில்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், இடியப்பம், கவுனி அரிசி, மாலையில் கும்மாயம், கந்தரப்பம் என்ற இனிப்புகள், பந்தியில் அரிசி கழுவிய நீரில் செய்யும் மண்டி என்று போட்டால் உங்கள் விருந்தாளிகள் வருஷக்கணக்கில் பேசுவார்கள். இருந்தும் சாம்பார், ரசம், தயிர்சாதம் உங்கள் வீட்டுப் பக்குவத்தில் இருக்கும்படி உங்கள் அம்மா ஒருமுறை சமையல் மாஸ்டரிடம் உட்கார்ந்து பேசட்டும். புளி, காரம், வெல்லம் எவ்வளவு என்பதில் கொங்குக்கும் செட்டிநாட்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. மறுநாள் அசைவ விருந்து வைக்க நினைத்தால் வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள். சில வீடுகளில் உள்ளே அசைவம் சமைக்க விடமாட்டார்கள், பின்புறத் தோட்டத்திலோ விடுதியிலோ வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

பூவுக்கு மதுரை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே மாலைகளுக்கு முன்பணம் கொடுத்து விலையை உறுதி செய்துகொள்ளுங்கள். தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம். இங்கே பெண்கள் பனையோலையில் பின்னும் கொட்டான் இருக்கிறது. கையால் பின்னுவதால் சில மாதங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு பத்துக்கு மேல் காலை ஆறு வரை நாடு முழுவதும் தடை உண்டு. கானாடுகாத்தான் போன்ற அமைதியான ஊரில் அதை மீறுவது மரியாதையும் அல்ல. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களை நேரில் போய் அழைத்துப் பந்தியில் உட்கார வையுங்கள். இரண்டு நாள் அவர்கள் வாசலில் உங்கள் வண்டிகள் நிற்கப்போகின்றன.

செலவை மொத்தமாக ஒரு தொகையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு வீடு, தேதிக்குத் தேதி அது மாறும். இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டு வாடகை, ஜெனரேட்டர், நாதஸ்வரம், அலங்காரம், புகைப்படம் ஆகியவை எத்தனை பேர் வந்தாலும் மாறாது. அறை, சாப்பாடு, வண்டி மூன்றும் தலைக்கு இவ்வளவு என்று ஏறும். ஊர்க் கல்யாணத்தில் தலைக்கு ஒன்றிரண்டு வேளைச் சாப்பாடுதான் கணக்கு. இங்கே நான்கு வேளைச் சாப்பாடும் ஓர் இரவு அறையும் பயணமும் சேரும். அதனால் பத்து பேரைக் கூட்டினால் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண். அதைக் கண்டுபிடித்து இரு வீட்டார் முன்னும் வையுங்கள், பட்டியல் பற்றிய வாதம் அங்கேயே முடியும். விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா என்று தனியாகக் கேளுங்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். நாற்பது அறைக்கு அந்த வித்தியாசம் பெரிய தொகை.

உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வரமாட்டார்கள். ஆனால் அவர் பயப்படுவது அதற்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். முப்பது வருஷமாக ஊரில் ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் போய் மொய் எழுதிவிட்டு வந்தவர் அவர். தம் மகள் கல்யாணத்துக்கு அவர்களையெல்லாம் அழைக்காமல் எப்படி இருக்க முடியும்? அது நியாயமான வருத்தம், அதைச் சமாதானப் பேச்சால் தீர்க்க முடியாது. கல்யாணம் முடிந்த அந்த வாரத்திலேயே கோவையில் ஒரு வரவேற்பு வையுங்கள். அழைப்பிதழை அவரே நேரில் கொண்டுபோய் வைக்கும்படியாக, அவர் பெயரில், அவர் தேர்ந்தெடுக்கும் மண்டபத்தில் நடக்கட்டும். செலவுத் திட்டத்தில் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று விட்டால் அது நடக்காது. தாய்மாமன், அத்தைகள், தாத்தா பாட்டி என்று சடங்கில் இடம் உள்ளவர்களை மட்டும், முழுப் பயணச் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, செட்டிநாட்டுக்கு அழைத்து வாருங்கள். பணம் இல்லாததால் வர முடியவில்லை என்று அவர்களில் ஒருவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

திருமணப் பதிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சிங்கப்பூர் போகப்போகிறவருக்கு இது அவசரம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி கல்யாணமான 90 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். முன்பு கல்யாணம் நடந்த ஊரின் சார்பதிவாளரிடமே போக வேண்டியிருந்தது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு மணமக்களில் ஒருவர் குடியிருக்கும் ஊரிலும் பதியலாம் என்பதால் கோவை வரவேற்புக்கு வரும்போதே அங்கே முடித்துவிடலாம். மணமகன் அதற்குள் திரும்பிப் போய்விடாதபடி விடுமுறையைக் கணக்கிடச் சொல்லுங்கள். அழைப்பிதழிலும் விண்ணப்பத்திலும் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும், வெளிநாட்டில் அது ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரைக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த மாதத்துக்குள் ஒரு சனி, ஞாயிறு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போய் வாருங்கள். பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, மூன்று வீடுகளையாவது பாருங்கள், உங்கள் விருந்தாளிகளைத் தங்க வைக்க நினைக்கும் விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருகிறதா என்று அம்மா பார்த்துச் சொல்லட்டும். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.